புற்றுநோய் ஐயத்திற்கு உள்ளான பயிர் மருந்துகள்

பழனிமலை அடிவாரத்தில் உள்ள ஆயக்குடி, கொய்யாவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கு ஒரு தோப்பில் பழ ஈப் பொறி கட்டிக் காட்டுவதற்காகச் சென்றிருந்தபோது, தோப்புக்கு உரிய பெரியவர் மோட்டார் அறைக்குள் போய் ஒரு உரச்சாக்கைத் தூக்கி வந்து களத்தில் கவிழ்த்தார். ஏழெட்டுப் புட்டிகள், வாய் சுருட்டிக் கட்டிய பொட்டலங்கள், பெயர்த்தாள் உரிந்துபோன ஒரு தகர டப்பா.

"தம்பி, இதிலே எதெது புற்றுநோய் கொடுக்குமோ அதை ஒதுக்கி வையுங்க. மிச்சத்தை நான் அடிச்சுக்கிறேன்" என்றார். பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "என் மருந்துச் சட்டையை இருபது வருசமா வீட்டுக்காரிதான் துவைக்கிறா. போன வருசம் அவளுக்கு மாரிலே கட்டி எடுத்தாங்க. அதனாலதானுங்களா?" என்று கேட்டார்.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் அன்று நான் கொடுத்த பதில் போதுமானதாக இல்லை. உழவர் பெருமக்களில் பலருக்கும் இதே கேள்விகள் இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

ஐயம் என்பதன் பொருள்

ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்கக் கூடியதா என்பதை ஆராய்ந்து தரம் பிரிப்பது, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் வேலை. இது பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உள்ளது. மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவை முதல் தொகுதி. பெரும்பாலும் உண்டாக்கக்கூடும் என்பவை 2ஏ. உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்பவை 2பி. முடிவு சொல்ல இயலாதவை மூன்றாம் தொகுதி.

2015-ஆம் ஆண்டு இம்முகமை, நம் உழவர்கள் நன்கறிந்த சில மருந்துகளை எடுத்துக்கொண்டது. லிண்டேன் முதல் தொகுதியில் சேர்க்கப்பட்டது. மாலத்தியான், டையசினான், கிளைபோசேட், டி.டி.டி. ஆகியவை 2ஏ தொகுதியிலும், பாரத்தியான், 2,4-டி ஆகியவை 2பி தொகுதியிலும் வைக்கப்பட்டன. நுவான் என்ற பெயரில் நாம் அறிந்த டைக்குளோர்வாஸ் 1991-லேயே 2பி-யில் வைக்கப்பட்டுவிட்டது.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதை இது சொல்வதில்லை. இந்தப் பொருளுக்கு அந்தக் குணம் உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்கிறது. வரப்போரப் புற்றில் நல்ல பாம்பு இருக்கிறது என்று சொல்வது ஒன்று. இருட்டில் அதன் மேல் காலை வைப்பது வேறொன்று. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பருகும் பானங்களும் 2ஏ தொகுதியில்தான் உள்ளன. புகையிலை, மது, கொட்டைப்பாக்கு, டீசல் புகை ஆகியவை முதல் தொகுதியில் உள்ளன.

நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதில் நிபுணர்களிடையேயும் கருத்து வேற்றுமை உண்டு. 2016-ல் உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய பயிர் மருந்து எச்சக் குழு, உணவின் வழியாக உட்செல்லும் கிளைபோசேட், மாலத்தியான், டையசினான் ஆகியவற்றால் புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறைவு என்று கூறியது. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993 முதல் 50 ஆயிரத்திற்கும் மேற்பட்ட மருந்து தெளிப்போரையும் அவர்தம் வாழ்க்கைத் துணைவரையும் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். கிளைபோசேட்டுக்கும் மொத்தப் புற்றுநோய்க்கும் தெளிவான தொடர்பு அங்கு காணப்படவில்லை.

எச்சக் குழு பேசியது பழம் உண்பவரைப் பற்றி என்பதைக் கவனியுங்கள். உண்பவர் உடலில் சேர்வது எச்சம். தெளிப்பவர் கையில் படுவதோ மருந்தே. 50 சத மாலத்தியான் ஒரு மில்லியில் 500 மில்லிகிராம் நஞ்சு உள்ளது. லிட்டருக்கு 2 மில்லி வீதம் கலந்த பின் அதே ஒரு மில்லியில் 1 மில்லிகிராம்தான் இருக்கும். ஆகவே புட்டியைத் திறந்து அளந்து ஊற்றும் அந்த இரண்டு நிமிடத்தில் கையில் சிந்தும் ஒரு சொட்டு, தெளிக்கும்போது மேலே படும் 500 சொட்டுக்குச் சமம்.

பச்சை முக்கோணம் தரும் தவறான தைரியம்

மருந்துப் புட்டியில் உள்ள சாய்சதுரத்தின் ஒரு பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோண வண்ணம் இருப்பது உங்களுக்குத் தெரியும். சிவப்பு கடும் நஞ்சு, பச்சை குறைந்த நஞ்சு என்று நாங்களும் பயிற்சி முகாம்களில் சொல்லி வருகிறோம். அது சரிதான், ஆனால் பாதி உண்மை. அந்த வண்ணம், மருந்து ஒரே முறையில் வாய் வழியாக உட்சென்றால் எவ்வளவு அளவில் உயிரைப் பறிக்கும் என்பதை வைத்து இடப்படுவது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மேன்கோசெப் உடனடி நஞ்சு மிகக் குறைந்த மருந்து. இருந்தும் அது மறு ஆய்வுப் பட்டியலில் வந்தது. பச்சை முக்கோணத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையால் கலக்குகிறவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதற்கு உழவரைக் குறை சொல்வதைவிட, பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்த எங்களைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அரசின் மறு ஆய்வு வந்த வழி

1958-ல் கேரளத்தில், பாரத்தியான் கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவாக எழுந்த ஆலோசனைகளே 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் முடிந்தன. மத்திய பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக் குழுவும் இச்சட்டத்தின் கீழ் செயல்படுகின்றன. பதிவு பெறாத மருந்தை விற்கக் கூடாது. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு என்று பதிவாகியுள்ளதோ அதற்கு மட்டுமே பரிந்துரைக்க வேண்டும்.

பதிவாகிப் பல ஆண்டுகள் ஆன பிறகு புதிய உண்மைகள் தெரிய வந்தால் மறு ஆய்வு செய்யப்படும். டி.டி.டி.யின் வேளாண் பயன்பாடு 1989-ல் நிறுத்தப்பட்டது. பி.எச்.சி. 1997-ல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பான் மருந்துக்கு உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று தடை விதித்தது. லிண்டேன் 2013-ல் நின்றது.

பி.எச்.சி. தூள் என்றால் பலருக்குப் புரியாது. கமாக்சின் என்றால் புரியும். நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தை அதைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, கையால் தட்டித் தட்டி நெல் வயலில் தூவுவார். வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது என் வேலை. அந்த மக்கிய வாடை இன்றும் நினைவிருக்கிறது. அந்தத் தூளின் நஞ்சு லிண்டேன்தான். என் தந்தை இன்றும் நலமாக இருக்கிறார். அதை வைத்து அந்தத் தூள் தீங்கற்றது என்று வாதாட நான் வரமாட்டேன். கண் மூடிச் சாலையைக் கடந்தவர் எல்லாரும் அடிபடுவதில்லை.

2013-ல் மத்திய அரசு டாக்டர் அனுபம் வர்மா தலைமையில் ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. பிற நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உள்ள, ஆனால் நம் நாட்டில் புழக்கத்தில் இருந்த 66 மருந்துகளை ஆராய்வது அதன் பணி. அதன் தொடர்ச்சியாக 2018 ஆகஸ்டில் வந்த ஆணை 18 மருந்துகளைத் தடை செய்தது. செவின் எனப்பட்ட கார்பரில், டையசினான், பென்தியான், மெதைல் பாரத்தியான் உள்ளிட்ட 12 மருந்துகள் உடனேயும், திமெட் எனப்பட்ட போரேட், டைக்குளோர்வாஸ், பாஸ்பாமிடான், டிரையசோபாஸ், அலாகுளோர், டிரைகுளோர்பான் ஆகிய ஆறும் 2020 டிசம்பர் 31 முதலும் நின்றன.

2020 மே மாதம் மேலும் 27 மருந்துகளைத் தடை செய்வதற்கான வரைவு ஆணை வெளியாயிற்று. மாலத்தியான், மேன்கோசெப், குளோர்பைரிபாஸ், கார்பென்டாசிம், 2,4-டி, அட்ரசின், கேப்டான், டைக்கோபால் ஆகியவை அதில் இருந்தன. புற்றுநோய் ஐயம், நாளமில்லாச் சுரப்பிகளைக் கெடுக்கும் தன்மை, மீனுக்கும் தேனீக்கும் கேடு என்று மருந்துக்கு மருந்து காரணம் வேறுபட்டது. வரைவு என்பது முடிவு அல்ல. ஆட்சேபணை தெரிவிக்கக் காலம் தரப்படும். உற்பத்தியாளர்கள் ஆட்சேபித்தனர், மற்றொரு குழு அமைந்தது. இறுதி ஆணை 2023-ல் வந்தபோது டைக்கோபால், டைனோகேப், மெத்தோமில் ஆகிய மூன்று மட்டுமே முற்றிலும் தடையாயின. மோனோகுரோட்டோபாஸ் 36 சதக் கரைசலுக்கு இருப்பைத் தீர்க்க ஓராண்டு கெடு கொடுக்கப்பட்டது. கார்போபியூரானில் 3 சதக் குருணை தவிர மற்றவை நீக்கப்பட்டன. வேறு சில மருந்துகளுக்குக் குறிப்பிட்ட பயிர்களில் மட்டும் அனுமதி விலக்கப்பட்டது.

இத்தகைய வரைவு ஆணைகளுக்கு நிறுவனங்கள் மட்டுமன்றி எந்தக் குடிமகனும் கருத்து அனுப்பலாம். உழவரிடமிருந்து செல்லும் கடிதங்கள் மிகக் குறைவு என்பது என் எண்ணம். மருந்தை முதுகில் சுமப்பவர் அவர்தானே.

தடையான மருந்து எல்லாம் புற்றுநோய் தருவது என்றோ, தடையாகாதது எல்லாம் நல்லது என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் விளைத்த கேட்டில் பெரிதும் பேசப்பட்டவை பிறவிக் குறைகளும் நரம்புக் கோளாறுகளுமே.

ஆயக்குடிக் கொய்யாவும் 2023 ஆணையும்

இந்த ஆணை நம் பகுதியை நேராகத் தொடுகிறது. மேன்கோசெப் மருந்தைக் கொய்யா, சோளம், மரவள்ளி ஆகிய மூன்று பயிர்களில் பயன்படுத்துவது விலக்கப்பட்டுள்ளது. பச்சையாக உண்ணும் பழங்களிலும் காய்களிலும் டைமெத்தோயேட் கூடாது. கொய்யாவைத் தோலோடு கடித்து உண்கிறோம் என்பதால் இதன் பொருள் தெளிவு. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அனுப்புவோர் கவனிக்க வேண்டியது: தக்காளி, கத்தரி, வெண்டை, காலிபிளவர், முள்ளங்கி ஆகியவற்றில் மாலத்தியான் விலக்கப்பட்டுள்ளது. மா, திராட்சையிலும் அவ்வாறே. எலுமிச்சை இனத்தில் குளோர்பைரிபாஸ் கூடாது. மலைப்பகுதியில் ஏலக்காய்க்குக் குயினால்பாஸும், உருளைக்கிழங்குக்குக் களைக்கொல்லி ஆக்சிபுளூர்பெனும் கூடாது.

இடர்ப்பாடு என்னவென்றால், பழைய கையேடுகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. கொய்யாப் பழ ஈக்கு வெல்லக் கரைசலில் பென்தியான் கலந்து தெளிக்கும் பரிந்துரையும், அசுவினிக்கு மோனோகுரோட்டோபாஸ் அல்லது டைமெத்தோயேட் என்ற பரிந்துரையும் அவற்றில் அச்சாகியுள்ளன. அக்காலத்தில் அவை சரியான பரிந்துரைகளே. இப்போது அந்தப் பக்கங்களில் பேனாவால் குறுக்குக் கோடு இட்டுவிடுங்கள்.

அப்படியானால் பழ ஈக்கு என்ன செய்வது? காய் முதிரத் தொடங்கும் முன்பே மெதைல் யூஜினால் கவர்ச்சிப் பொறிகளை ஏக்கருக்கு 10 வீதம் கட்ட வேண்டும். இது ஆண் ஈக்களை மட்டுமே ஈர்க்கும். ஆகவே ஒருவர் தோப்பில் மட்டும் கட்டினால் பலன் குறைவு. அடுத்தடுத்த தோப்புக்காரர்கள் சேர்ந்து கட்டினால்தான் ஈ குறையும். உதிர்ந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பது பொறியைவிட முக்கியம் என்பேன். பழத்திலுள்ள புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகிறது. ஆயக்குடியில் நான் பார்த்த தோப்புகளில் உதிர்ந்த பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிட்டு மேலே மருந்தடிக்கும் வழக்கம் இருந்தது. மாவுப்பூச்சிக்கு மரத்திற்கு 10 வீதம் கிரிப்டோலேமஸ் பொறிவண்டுகளை விடலாம். விட்ட பின் மருந்து தெளிக்கக் கூடாது. சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு 5 சத வேப்பங்கொட்டைச் சாறு ஏற்றது. 10 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டராக்கி, சிறிது ஒட்டும் திரவம் சேர்த்து மாலையில் தெளிக்கவும்.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பகுதி உழவர்களுக்கு ஒரு சொல். உருளைக்கிழங்கின் பின்பருவ இலைக்கருகலுக்கு மேன்கோசெப் தெளிப்பது இன்றும் அனுமதிக்கப்பட்டதே. ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் அதற்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. இம்மருந்து சிதையும்போது எத்திலீன் தயோயூரியா என்ற பொருள் உண்டாகிறது. எலிகளில் அது தைராய்டு சுரப்பியில் கட்டிகளை உண்டாக்கியது. மனிதரில் அவ்வாறு நிறுவப்படவில்லை. கலந்த மருந்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். நேரம் ஆக ஆக இப்பொருள் கூடும். தூளைக் கலக்கும்போது காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளவும்.

உடலுக்குள் செல்லும் வழி

மருந்து மூக்கு வழியாகத்தான் உட்செல்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். வயலில் பெரும்பகுதி தோல் வழியாகவே செல்கிறது. எல்லாத் தோலும் ஒரே மாதிரி உறிஞ்சுவதுமில்லை. பாரத்தியான் மருந்தைக் கொண்டு 1971-ல் வெளியான ஓர் ஆய்வில், முன்கைத் தோலைக் காட்டிலும் விதைப்பைத் தோல் ஏறத்தாழ 12 மடங்கு உறிஞ்சியது. கைத்தெளிப்பானின் மூடி சரியாக மூடாமல் முதுகில் ஒழுகி, இடுப்பு வழியாகக் கீழே இறங்கி, வேட்டி நனைந்தபடியே மாலை வரை வேலை செய்வோர் நம்மிடையே உண்டு. கையுறை வாங்குவதற்கு முன், 10 ரூபாய் வாஷரை மாற்றுங்கள். அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதாதீர்கள். மெல்லிய குச்சியோ பழைய பல் துலக்கும் தூரிகையோ போதும்.

இனி, துணி. தெளித்து முடித்த சட்டையை மற்றத் துணிகளோடு மூட்டையாகப் போடக்கூடாது. தோட்டத்திலேயே கழற்றி, தனி வாளியில் சோப்பு நீரில் ஊறவைத்து, தெளித்தவரே துவைப்பதுதான் முறை. அந்த நீரை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டலாகாது. குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வதற்கு முன் குளித்துவிட வேண்டும்.

மருந்தைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டதால், ஐயமே இல்லாத முதல் தொகுதிப் பொருள்கள் நம் களத்தில் இருப்பதை மறந்துவிடக் கூடாது. சரியாகக் காயாத மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் வளரும் பூஞ்சாணம் உண்டாக்கும் அப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதி. பூஞ்சாணம் பிடித்த கடலையை ஆட்டி எண்ணெய் எடுப்பதும் மாட்டுக்குப் போடுவதும் வேண்டாம். மாட்டின் பாலிலும் அது இறங்கும். புகையிலையைப் பற்றி வேடசந்தூர் வட்டாரத்துக்காரர்களிடம் நான் புதிதாக என்ன சொல்ல? வாழைத்தாரைக் கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம். அதில் ஆர்சனிக் கலப்பு உண்டு. எத்திலீன் வாயு அறையில் பழுக்க வைக்கலாம்.

பெரியவரின் சாக்கு

அன்று அந்தப் புட்டிகளை மூன்றாகப் பிரித்தோம். டைக்குளோர்வாஸ் ஒன்றும், டைக்கோபால் ஒன்றும் தடையானவை. டைமெத்தோயேட்டும் மேன்கோசெப்பும் கொய்யாவுக்கு ஆகாதவை. பெயர் தெரியாத தகர டப்பாவும் இரண்டு பொட்டலங்களும் மூன்றாவது. பெயர் தெரியாததைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும் என்றேன். கிணற்றிலோ ஓடையிலோ கொட்டாமல், எரிக்காமல், அதே புட்டியில் இறுக மூடித் தனிப் பெட்டியில் பூட்டி வைத்து, வட்டார வேளாண்மை அலுவலரிடம் எழுத்தில் தெரிவிக்கச் சொன்னேன். காலிப் புட்டியானால் மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, புட்டியை உடைத்து, குடியிருப்புக்கும் நீர்நிலைக்கும் தொலைவில் புதைக்க வேண்டும் என்பது விதி.

அவருடைய இரண்டாவது கேள்விக்கு இப்போதும் என்னால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவரை ஒப்பிட்டுத்தான் மருந்துக்கும் நோய்க்கும் தொடர்பு காண இயலும். ஒரு தனி ஆளுக்கு வந்த கட்டி எதனால் வந்தது என்று மருத்துவராலும் கூற இயலாது. சட்டை துவைத்ததால்தான் என்று அவர் தம்மையே நொந்துகொள்ள ஆதாரமில்லை. துவைக்கும் முறையை அன்றோடு மாற்றிவிட்டார் என்பதை அடுத்த முறை போனபோது பார்த்தேன். மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு பழைய பக்கெட்டும் கொடிக்கயிறும் இருந்தன.

முப்பது வயது கடந்தவர்களுக்கு வாய், மார்பு, கருப்பை வாய் ஆகியவற்றில் புற்றுநோய் அறிகுறி உள்ளதா என்று ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பரிசோதிக்கிறார்கள். போகும்போது எந்த மருந்தை எத்தனை ஆண்டுகள் தெளித்தோம் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். தெளித்த நாள், மருந்தின் பெயர், புட்டியில் உள்ள தொகுப்பு எண், அளவு, பயிர், தெளித்தவர் யார், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு என்று ஒரு வரி எழுதினால் போதும். கடைக்காரரிடம் ரசீது கேட்டு வாங்கி அதே புத்தகத்தில் ஒட்டி வைக்கவும்.